பிள்ளையாருக்குப் பின்னால் எரிந்த விளக்கு

டாக்சிக்காரர் சாவியைத் திருப்பினார். அந்தப் பெண் பேசினாள்.

இந்த யாங்கூனில் ஓடுகிற பழைய ஜப்பான் வண்டிகளில் பாதிக்கு மேல் அவள் குடியிருக்கிறாள். முகம் கிடையாது, வயது ஏறாது. சாவி திரும்பியதும் மெல்லிய, கழுவித் துடைத்த குரலில் ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு அடங்கிவிடுவாள். "ஜப்பான்காரி கும்பிடு போடுறா, அங்கிள்," என்று ஓட்டுநர் பர்மிய மொழியில் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். அடுத்த சிக்னலில் முன்னால் நின்ற வேனின் புகைக்குழாயிலிருந்து அழுகிய முட்டை வாடை வந்தது. ஓட்டுநர் கண்ணாடியை ஏற்றினார். ஏற்றாதீர்கள் என்று கத்திவிட்டேன். அவர் திரும்பிப் பார்த்த பார்வையில், ஏறியிருப்பது என்ன மாதிரி ஆள் என்ற சந்தேகம் இருந்தது. நியாயமான சந்தேகம்தான்.

அவள் கும்பிடு போடவில்லை. அட்டை செருகப்படவில்லை என்கிறாள். ஜப்பானின் நெடுஞ்சாலைகளில் வண்டி நிற்காமல் சுங்கம் கட்ட ஓர் அட்டை உண்டாம், அதைத்தான் கேட்கிறாள். அந்த அட்டையை வாங்கிக்கொள்ளும் இயந்திரம் எதுவும் இங்கே இல்லை. கடல் கடந்து வந்த பிறகும், யாருக்கும் புரியாத ஊரில், குறையைக் குறை என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள்.

இதை எனக்குச் சொன்னவர் அக்கா.

கூடப் பிறந்த அக்கா இல்லை. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். மிங்கலாடோன் போகும் சாலையில், ஒரு பர்மிய வெல்டரின் பட்டறையில் ஒரு மூலையை வாடகைக்குப் பிடித்து, நீல பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர். வண்டிகளின் நோய் கண்டுபிடிப்பது அவர் வேலை. தமிழர்களுக்கு அக்கா, பர்மியர்களுக்கு சயாமா, அதாவது டீச்சரம்மா. அவர் பெயர் எனக்குத் தெரியும். எழுதப் போவதில்லை. ஒருமுறை அந்தப் பெயரை நான் பயன்படுத்தியதே போதும்.

நல்ல ஒல்லி. கன்னம் இரண்டிலும் அரைத்த தனாக்கா மரப்பட்டைப் பூச்சு, நெற்றியில் மெலிந்த விபூதிக் கீற்று, லுங்கிக்கு மேலே காலர் தேய்ந்த ஆண்கள் சட்டை. கொண்டையில் ஒரு பென்சில் குத்தியிருக்கும்; அந்தப் பென்சிலால் அவர் எதையும் எழுதி நான் பார்த்ததில்லை. ஜப்பானுக்கு வேலைக்குப் போவதற்காக இளம் வயதில் அந்த மொழியைப் படித்திருக்கிறார். போக முடியவில்லை. ஏன் என்று கேட்டால், "நான் ஜப்பானுக்குப் போகலை தம்பி, ஜப்பான் என்கிட்ட வந்து ரிப்பேர் ஆகுது பாருங்க," என்பார். அதற்கு மேல் நானும் கேட்டதில்லை. ஒன்பது வருஷப் பழக்கத்தில் அவரைப் பற்றி நான் உருப்படியாகக் கேட்ட கேள்வி ஒன்றுகூட இல்லை. அவர்தான் என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நரைத்த டாக்சிக்காரர் ஒருவர், தினமும் வண்டி எடுக்கும்போது அந்த ஜப்பான் குரலுக்குப் பதில் வணக்கம் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவாராம். ஒரு நாள் அக்காவிடம் அர்த்தம் கேட்டார். அக்கா சொன்னார். மனிதரின் முகம் தொங்கிப்போயிற்று.

"பதினோரு வருஷமா அட்டை இல்ல அட்டை இல்லன்னா சொல்லிட்டு இருந்தா? ஆசீர்வாதம்னு நெனச்சேனே, சயாமா."

"அப்படியே நெனச்சுக்குங்க, அங்கிள். யாரு வேணாங்கிறா?"

"நெனைக்க விடாம நீதானே கெடுத்துட்ட!"

"கேட்டீங்க. சொன்னேன். கேக்காத வீட்டுக்குள்ள நான் வரலையே."

அவர் கோபமாகப் போய், மறுவாரம் அரை டஜன் வாழைப்பழத்தோடு திரும்பி வந்தார். இப்போதும் வணக்கம் சொல்கிறேன், பழகிவிட்டது என்றார்.

அக்காவின் கருவி உள்ளங்கை அகலம். மூடி உடைந்து, ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருக்கும். அதை ஸ்டியரிங்குக்கு அடியில் செருகினால் வண்டியின் மூளையிலிருந்து ஓர் எண் வரும். இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு டாஷ்போர்டில் எரிகிறதே, அது ஏன் எரிகிறது என்பதற்கான எண். மற்ற மெக்கானிக்குகள் எண்ணைப் பார்த்ததும் அந்த எண்ணுக்கு உரிய சாமானை மாற்றுவார்கள். அக்கா எண்ணைப் பார்த்ததும் கருவியை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு ஆளைப் பார்ப்பார்.

"எப்பலேருந்து?"

கேட்டுவிட்டுக் காத்திருப்பார். பாதிப் பதிலில் குறுக்கிட மாட்டார், தலையாட்ட மாட்டார், கருவியைத் தொட மாட்டார். அந்த மௌனத்தில் ஆட்கள் நெளிவார்கள். போன வாரத்திலிருந்து என்று ஆரம்பித்தவர், இல்லை, போன மாதம் என்பார். மச்சான் வண்டியைக் கேட்டார் என்பார். மச்சான் பள்ளத்தில் விட்டார் என்பார். கடைசியில், மச்சான் இல்லை, நான்தான் விட்டேன், வீட்டில் சொல்லிவிடாதீர்கள் என்பார். எண் சொல்லாததை எல்லாம் ஆள் சொல்லிவிடுவான். நானும் எத்தனையோ முறை பக்கத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டு அதை வேடிக்கை பார்த்திருக்கிறேன். அந்த மௌனத்துக்கு முன்னால் நானும் ஒரு நாள் நிற்பேன் என்று அப்போது தோன்றவில்லை.

அந்தக் கருவியில் அழிக்கும் பொத்தான் ஒன்று உண்டு. அமுக்கினால் எண் அழிந்துவிடும், விளக்கு அணைந்துவிடும். கோளாறு அப்படியே இருக்கும். சில நாள் கழித்து விளக்கு மறுபடி வரும். மற்ற பொத்தான்களின் எழுத்தெல்லாம் அக்காவின் விரல் பட்டுத் தேய்ந்து போயிருந்தன. அது மட்டும் கடையில் வாங்கிய அன்று போலப் பளபளப்பாக இருந்தது. பழுது பார்த்து முடித்த பிறகுகூட அதைத் தொட மாட்டார். "மூணு நாள் ஓட்டுங்க. சரியாயிருந்தா தானா அணையும். அணையலைன்னா தப்பு என்னுது, திரும்பி வாங்க," என்பார்.

பெரிய வண்டி ஒன்றின் டிரைவர், வெள்ளைச் சட்டை போட்டவர், ஒருமுறை கெஞ்சினார்: "அழிச்சு மட்டும் விடுங்க சயாமா. பாஸ் பின்னால உக்காந்து அதையே பாக்கிறாரு."

"பாஸை ஜன்னல் பக்கம் பாக்கச் சொல்லுங்க. வழியில ஏரி நல்லா இருக்கு."

வண்டிக்கு மட்டும் என்று இல்லை. கோயில் மண்டபத்தில் ஒரு கைக்குழந்தை வீறிட்டு அழுதது. ஒருத்தி தோளில் போட்டுத் தட்டினாள், ஒருத்தி கிலுகிலுப்பை ஆட்டினாள், இன்னொருத்தி வாயில் சர்க்கரையைத் தடவினாள். அக்கா கையை நீட்டி வாங்கி, சட்டையைக் கழற்றி, அக்குள் மடிப்பிலிருந்து ஒரு சிவப்பெறும்பை எடுத்துக் காட்டினார். "வாயை அடைக்கப் பாக்கிறீங்களே, அது என்னத்துக்கு அழுவுதுன்னு பாருங்கம்மா," என்றார். குழந்தையின் தாய்க்கு அது பிடிக்கவில்லை. பலருக்கும் அவரிடம் அதுதான் பிடிக்கவில்லை.

முதன்முதலில் நான் அவரைப் பார்த்தபோது ஒரு காரின் திறந்த வயிற்றுக்கு முன்னால் ஊதுபத்தியோடு நின்றிருந்தார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. பெட்ரோல் குழாய் பக்கம் போகாமல், புகைக்குழாய் தொடங்கும் இடத்தில் மட்டும், அங்குலம் அங்குலமாகப் பத்தியை நகர்த்தினார். வெல்டர் நனைத்த சாக்கோடு பக்கத்தில் தயாராக நின்றார்.

"வண்டிக்குப் பூஜையாக்கா?"

"இந்த வண்டிக்குப் பூஜை போட்டு ஆவாது. ஓட்டை தேடுறேன். பேசாதீங்க, உங்க மூச்சுல புகை ஆடுது."

ஓட்டை இருந்தால் அந்த இடத்தில் பத்தியின் புகை சிதறும். அவ்வளவுதான் சங்கதி. ஆனால் அதைப் பார்த்துவிட்டு மறுநாள் ஓர் அம்மா தேங்காய், பூ, கற்பூரம் எல்லாம் தட்டில் வைத்துக்கொண்டு காரோடு வந்து நின்றாராம். அக்கா தேங்காயை ஜாக்கியில் உடைத்து, வெல்டருக்குப் பாதி கொடுத்து, மென்றுகொண்டே வண்டியைப் பார்த்திருக்கிறார்.

இனி என் வண்டி.

கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிற சின்னக் கடை எனக்கு. காகிதக் கட்டு ஏற்ற ஒரு பழைய ஜப்பான் வேன் வைத்திருந்தேன். முன் சீட்டைத் தூக்கினால் அதற்கு அடியில்தான் இன்ஜின். மஞ்சள் விளக்கு எரிய ஆரம்பித்தது. வீட்டுக்குப் பக்கத்து மெக்கானிக் புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் போய்விட்டது என்றார். மாற்றினேன். நான்கு நாளில் விளக்கு வந்தது. இன்னொருவர், அது போலி, இது அசல் என்று வேறொன்று போட்டார். ஐந்து நாளில் வந்தது. பிறகுதான் அக்காவிடம் போனேன். எத்தனையோ மாலைகள் அவர் மூலையில் உட்கார்ந்து பேசிவிட்டு, சொந்த வண்டிக்கு அவரிடம் கடைசியாகப் போனேன். ஏன் என்று எனக்குத் தெரியும். அவர் கேள்வி கேட்பார்.

"எப்பலேருந்து?"

"ரெண்டு மாசமா."

காத்திருந்தார்.

"மூணு மாசம் இருக்கும்க்கா."

"உள்ள உக்காந்தா யாருக்காச்சும் தலை வலிக்குதா?"

"என் வீட்டுக்காரிக்கு வண்டில ஏறுனாத்தானா? என்னைக் கட்டின நாள்லேருந்து தலைவலிதான்," என்று நான் சிரித்தேன். வெல்டரும் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. முன் சீட்டைத் தூக்கினார். பத்தியை ஏற்றினார்.

இன்ஜினிலிருந்து புகைக்குழாய் பிரிகிற வளைவில், சென்சாருக்கு ஒரு சாண் முன்னால், புகை துடிதுடித்துச் சிதறியது. மயிர் கனத்துக்கு ஒரு விரிசல். ஓட்டை கிடைத்ததும் வழக்கமாக அக்காவின் முகத்தில் வரும் ஒரு சின்ன நிம்மதி அன்று வரவில்லை.

"பாருங்க தம்பி. இந்த வெடிப்பு வழியா வெளிக்காத்து உள்ள போவுது. சென்சார், காத்து ஜாஸ்தியா இருக்குங்குது. உள்ளதைத்தான் சொல்லுது, நீங்க அதைப் போய் ரெண்டு தடவை பிடுங்கிப் போட்டிருக்கீங்க. அது சொன்னதை நம்பி வண்டி பெட்ரோலை ஊத்துது. ஊத்த ஊத்த புகை விஷமாவுது. அந்த விஷம் இதே வெடிப்பு வழியா உங்க சீட்டுக்கு அடியில வருது. வாசனை வர்ற புகைன்னா மூக்கு சொல்லிடும். இதுல கொல்றதுக்கு வாசனையே கிடையாது."

"வெல்டு வெச்சிடலாமா?"

வெல்டர் உதட்டைப் பிதுக்கினார். வார்ப்பிரும்பு, நிற்காது. பழைய இன்ஜின் குவியல்களில் இதே குழாயைத் தேட வேண்டும். பத்து நாள் ஆகும் என்றார் அக்கா. வண்டியை இங்கேயே விட்டுவிட்டுப் போகச் சொன்னார்.

பத்து நாள் என்னிடம் இல்லை. மகள் பேங்காக் போக ஏற்பாடாகியிருந்தது. அழைத்துப் போகிறவர் தேதி சொல்லிவிட்டார். வேனை விற்றால்தான் அவள் புறப்பட முடியும். ஞாயிற்றுக்கிழமை மாவ்பியிலிருந்து ஒருவர் வாங்க வருவதாக இருந்தது. இதையெல்லாம் சொன்னேன்.

"வாங்குறவர்கிட்ட இதைச் சொல்லி வில்லுங்க."

"சொன்னா வாங்க மாட்டாரேக்கா."

"அப்ப அது இன்னும் விக்கிற வண்டி ஆவல."

"அழிச்சு மட்டும் குடுங்கக்கா. ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை. அதுக்கப்புறம் எரிஞ்சா எரியட்டும்."

அந்தச் சொற்கள் என் வாயிலிருந்துதான் வந்தன. எரிஞ்சா எரியட்டும். அக்கா கருவியை மடியில் கவிழ்த்தார்.

"அழிக்க ஒரு நிமிஷம்கூட ஆவாது. ஆனா அழிச்சுக் குடுத்தா, வண்டி நல்லாயிருக்குன்னு சொன்னது நான்னு ஆயிடும். அது முடியாது தம்பி. மக போவட்டும், வேற வழி பாப்போம். ரெண்டு பேரும் சேர்ந்து பாப்போம்."

சாவி அவர் கையில் இருந்தது. அதைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையிலேயே வைத்திருந்தார். நான் கையை நீட்டினேன். கொடுத்தார். "கண்ணாடியை ஏத்தாதீங்க," என்றார்.

சனிக்கிழமை கோயில் வாசல் கடையில் ஒரு பிள்ளையார் வாங்கினேன். செந்நிற பிளாஸ்டிக், பொன்னிறக் கரை, பின்னால் பசை. அளவு ஒரு பெரிய பொத்தான்தான். இந்த ஊரில் சாமி இல்லாத வண்டி கிடையாது. புத்தர் இருப்பார், முருகன் இருப்பார், கண்ணாடிக்கு முன்னால் தப்யே என்கிற மங்கல இலைக் கொத்து இருக்கும். ஒட்டிய சாமியைப் பெயர்த்துப் பார்க்கிறவன் எந்த மதத்திலும் இல்லை. அதைத் தெரிந்துதான் வாங்கினேன். டாஷ்போர்டு கண்ணாடியின் மேல், மஞ்சள் விளக்கை மறைக்கும்படி பொருத்தினேன். அளவெடுத்துச் செய்ததுபோல உட்கார்ந்தது. ஒட்டுவதற்கு முன் செருப்பைக் கழற்றினேன். மற்ற எல்லாவற்றுக்கும் ஏதாவது ஒரு காரணம் சொல்லிக்கொள்கிறேன். கழற்றி ஓரமாக வைத்த அந்தச் செருப்பை நினைத்தால்தான் இன்னமும் உடம்பு கூசுகிறது.

மாவ்பிக்காரர் வந்தார். நம்மவர்தான். கழுத்தில் உத்திராட்சம், சட்டைப் பையில் சீப்பு, பேச்சுக்குப் பேச்சு சிரிப்பு. காய்கறித் தோட்டத்தை விட்டுவிட்டு ஃபெர்ரி ஓட்டப் போகிறாராம். தையல் ஃபேக்டரிக்குப் போகிற பெண்களைக் காலையில் வீடு வீடாக ஏற்றி, சாயங்காலம் திரும்ப விடுகிற வண்டியை இங்கே ஃபெர்ரி என்போம். ஒன்பது பெண்கள் பேர் கொடுத்திருக்கிறார்கள், அதில் ஒருத்தி என் தங்கச்சி மகள் என்றார். இதைச் சொன்ன பிறகுதான் சாவியைத் திருப்பினார். ஜப்பான்காரி பேசினாள். எல்லா விளக்கும் எரிந்து, எல்லாம் அணைந்தன. பிள்ளையார் மட்டும் அணையவில்லை. பின்னாலிருந்த விளக்கு செந்நிற பிளாஸ்டிக்கின் வழியே கசிந்து, பொன்கரையைச் சுற்றி ஒரு மெல்லிய ஒளி வட்டம் கட்டியது.

"அட! பிள்ளையாரு மினுங்குறாரே! பேட்டரி வெச்சதாண்ணே?"

நான் ஏதோ முனகினேன். அவர் இரண்டு விரலால் பிள்ளையாரைத் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டார். அப்புறம் கேட்டார்:

"மிங்கலாடோன் அக்கா பாத்தாங்களா?"

"பாத்தாங்க."

"அவங்க பாத்தாச் சரி."

பொய் இல்லை பாருங்கள். ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அவர் கிளம்பும்போது, "கண்ணாடியை எறக்கியே ஓட்டுங்க, காத்து நல்லா வரும்," என்றேன், ஏதோ வண்டியின் பெருமையைச் சொல்வதுபோல. மகள் அடுத்த வாரம் புறப்பட்டாள். நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாள்.

மூன்றாம் வாரம் மழை பிடித்தது. மழைக்குக் கண்ணாடியை ஏற்றாமல் யார் ஓட்டுவார்கள்? விடியலில் எழுந்து சமைத்துவிட்டு வருகிற பெண்கள் வண்டியில் ஏறியதும் தூங்குவது வழக்கம்தான். ஃபேக்டரி வாசலில் ஐந்து பேர் தள்ளாடி இறங்கி வாந்தி எடுத்தார்கள். நான்கு பேர் எழுந்திருக்கவில்லை. தன் பக்கத்துக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்திருந்த மாவ்பிக்காரர் தலைசுற்றலோடு தப்பினார். நால்வரையும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். எல்லோரும் பிழைத்தார்கள். இந்த ஒரு வாக்கியத்தை நான் தினமும் எனக்குச் சொல்லிக்கொள்கிறேன். தங்கச்சி மகள் எட்டு நாள் படுக்கையில் கிடந்தாள். அதற்கப்புறம் அவள் கை நடுங்கத் தொடங்கிற்று. தையல் மெஷினுக்கு அவள் திரும்பவில்லை. இதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்த வாக்கியம் முழுமை. பெரும்பாலும் நான் பாதியிலேயே நிறுத்திவிடுவேன்.

மாவ்பிக்காரர் வண்டியை ஆள் வைத்து இழுத்துக்கொண்டு வந்து அக்கா முன்னால் நிறுத்தினார். எனக்கும் போன் செய்து வரச் சொல்லியிருந்தார். நான் போனபோது நாலைந்து டாக்சிக்காரர்கள் கூடிவிட்டிருந்தார்கள். பட்டறையின் தகரக் கூரையில் மழை. பிள்ளையாருக்கு அவர் வைத்திருந்த மல்லிகைச் சரம் வாடித் தொங்கியது.

"நீங்க பாத்த வண்டிதானேக்கா இது? நீங்க பாத்ததுன்னு நம்பித்தானே பொம்பளப் புள்ளைங்களை ஏத்துனேன்?"

அக்கா சாவியைத் திருப்பினார். பிள்ளையார் மினுங்கினார். அக்கா குனிந்து பார்த்தார். பூவை எடுத்து மடியில் வைத்தார். நகத்தால் ஓரத்தை நெம்பி, கிழியாமல், மெதுவாகப் பிள்ளையாரைப் பெயர்த்தார். பின்னால் அந்த மஞ்சள் விளக்கு. அதே இன்ஜின் படம்.

"ஐயோ," என்றார் மாவ்பிக்காரர். "இதுக்கா பூ வெச்சேன்? இதையா தொட்டுக் கும்பிட்டேன்?"

வெல்டர் கையிலிருந்த டார்ச்சை அணைத்தார். அக்கா என் பக்கம் திரும்பினார். குரலில் கோபம் இல்லை. வண்டிக்காரர்களைக் கேட்பதுபோலத்தான் கேட்டார்.

"தம்பி, இதை ஒட்டினது யாரு?"

காத்திருந்தார். தலையாட்டவில்லை, தொடவில்லை, குறுக்கிடவில்லை. எத்தனை பேர் அந்த மௌனத்தில் உண்மையைக் கொட்டியதைப் பார்த்திருக்கிறேன்! என் வாய் திறந்தது.

"தெரியலக்கா. நான் வாங்கும்போதே இருந்துச்சு."

மழை அப்படியே பெய்துகொண்டிருந்தது. மாவ்பிக்காரர் அந்தப் பதிலை எடுத்துக்கொண்டு நேராக அக்காவிடம் போனார். போவார் என்று எனக்கு அந்தக் கணத்திலேயே தெரியும். "அப்ப உங்ககிட்ட வந்தப்பவும் ஒட்டித்தான் இருந்துச்சு! இது பின்னால எரியிற விளக்கைப் பாக்காமலே பாத்தேன்னு அனுப்பிட்டீங்க! அப்படித்தானே?"

அக்கா இன்னும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரி," என்றார். என்னிடம் சொன்னது. அவரிடம் திரும்பி, "என்கிட்ட வந்த வண்டிதான். சாவியை நான் திருப்பிக் குடுத்திருக்கக் கூடாது," என்றார். அதை அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். நான் மட்டும் வேறு மாதிரி எடுத்துக்கொள்ளத் தெரிந்தவன். எடுத்துக்கொண்டு, பேசாமல் நின்றேன்.

அந்தக் கதை டாக்சி நிற்கும் இடமெல்லாம் போயிற்று. சாமியைக் கும்பிட்டுவிட்டு விளக்கைப் பார்க்க மறந்த சயாமா. ஊதுபத்தி காட்டுவார், எரிவது தெரியாது. சிரிப்பதற்குத் தோதான கதை. எனக்கும் ஒரு டீக்கடையில் ஒருவர் சொன்னார், அன்று பட்டறையில் நான் இருந்ததே தெரியாமல். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டேன். வண்டிகள் வேறு பட்டறைகளுக்குத் திரும்பின. வெல்டர் ஒரு நாள் என்னை ஓரங்கட்டி, "அன்னிக்கு ஈரச் சாக்கு பிடிச்சவன் நான்தான். நான் பாத்த டாஷ்போர்டுல சாமி இல்ல. வாய வெச்சுக்கிட்டுச் சும்மா இருன்னு உங்க அக்கா சொல்லிட்டா, அதனால இருக்கேன்," என்றார். நான் அவருக்கு ஒரு பொட்டலம் வெற்றிலை வாங்கி நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை.

ஏன் அப்படிச் சொல்லிவைத்தார்? பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டால் எனக்கு வசதி. ஆனால் அவர் பெருந்தன்மைக்காரர் இல்லை; கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்கிறவர். கேட்ட கேள்வி ஒன்று பாக்கி இருந்தது. பதில் சொல்ல வேண்டிய ஆளிடமிருந்து அது வரட்டும் என்று, மூலை காலியாகும்வரை, மூன்று மாதம் காத்திருந்தார்.

இன்று காலை டாக்சியை மாவ்பி பஸ் நிற்கும் இடத்தில் நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினார். பஸ் நின்றுகொண்டிருந்தது, கண்டக்டர் ஊர்ப் பெயரைக் கூவிக்கொண்டிருந்தார். கதவுப் பிடியில் கை வைத்தேன். பிறகு, வேண்டாம், நேராகப் போங்கள் என்றேன். இது மூன்றாவது தடவை.

அக்கா மூலையைக் காலி செய்த அன்று மத்தியானம் பட்டறைக்குப் போயிருந்தேன். கியாக்தானில் சொந்தக்காரர் கடை இருக்கிறது, அங்கே படகு இன்ஜின் பார்க்கப் போகிறாராம். "படகுல நிம்மதி தம்பி. விளக்கே கிடையாது," என்று அவரே சிரித்தார். நாற்காலியை வெல்டருக்குக் கொடுத்துவிட்டார். கருவியின் வயரைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தார். கருவியின் முதுகில் அந்தப் பிள்ளையார் ஒட்டியிருந்தது.

அதைப் பார்த்ததும் என்னை அறியாமல் வந்துவிட்டது. நான்தான்க்கா ஒட்டினேன் என்றேன். செருப்பைக் கழற்றியதையும் சொன்னேன். மகளைச் சொன்னேன், மழையைச் சொன்னேன், டீக்கடையில் தலையாட்டியதைச் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் வயரைச் சுற்றிக்கொண்டே கேட்டார். நெஞ்சு லேசாகிக்கொண்டே வந்தது. எல்லாவற்றையும் கொட்டி முடித்துவிட்டு, அவர் முகத்தைப் பார்த்து நின்றேன். போகட்டும் தம்பி என்ற ஒரு வார்த்தைக்காக நின்றேன்.

அக்கா வயரை முடிந்தார். கருவியைத் திருப்பி, அந்தப் புதுசு மாறாத பொத்தானைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பையில் போட்டார்.

"என்கிட்ட எதுக்குத் தம்பி சொல்றீங்க? எனக்குத்தான் தெரியுமே. மாவ்பிக்கு பஸ் இருக்கு. போய் அவருகிட்டயும் அந்தப் புள்ளைகிட்டயும் சொல்லுங்க. சரியாயிருந்தா தானா அணையும்."